காயமா, வருத்தமா?

கல்முனைச் சந்தையில் மீன் வாங்கப் பழகியவர், பூ எனும் செவுளைத் தூக்கி அதன் சிவப்பைப் பார்த்து, கண்ணின் தெளிவைப் பார்த்து, வயிற்றை விரலால் ஒரு முறை அமுக்கிப் பார்த்த மாத்திரத்தில், அது இன்றைய மீனா, ஐஸில் கிடந்த நேற்றைய மீனா என்று சொல்லிவிடுவார். ஆயினும் அதே மனிதருடைய வீட்டு விறாந்தையில், கண்ணாடித் தொட்டிக்குள் நேற்று மாலை வந்து சேர்ந்த சின்னஞ்சிறு மீனொன்று வாலில் ஒரு கிழிசலோடு மூலையில் ஒதுங்கி நின்றால், அது எதனால் என்று சொல்ல அவருக்கு நா எழுவதில்லை. அந்தத் தயக்கம் நியாயமானதே. தயங்காமல் தீர்ப்புச் சொல்லி, உடனே கடைக்கு ஓடி, ஒரு போத்தல் நீல மருந்தை வாங்கிவந்து தொட்டியில் கவிழ்ப்பவரிடத்தில்தான் மீன்கள் அதிகம் மடிகின்றன என்பது என் அபிப்பிராயம்.

முதலில், புதிய மீன் காயத்தோடு வருவது ஏன் இத்தனை சாதாரணம் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். எமது கரையோர ஊர்க் கடைகளில் விற்கும் அலங்கார மீன்களிற் பெரும்பாலானவை இங்கே பிறந்தவையல்ல. நாட்டின் மேற்குப் பக்கத்துப் பண்ணைகளின் சீமெந்துத் தொட்டிகளிற் பிறந்து, கொழும்பைக் கடந்து, ஓர் இரவுப் பயணமாகக் கிழக்கே வந்து சேர்கின்றவை. பண்ணையில் ஒரு வலை, மொத்த வியாபாரியின் களஞ்சியத்தில் இறக்கும்போது ஒரு வலை, இனம் பிரித்துப் பொதிசெய்யும்போது ஒரு வலை, ஊர்க் கடையில் தொட்டி மாற்றும்போது ஒரு வலை, கடைசியாகப் பெருநாள் காசைக் கையிற் பொத்திக்கொண்டு வந்த சிறுவன் கண்ணாடியில் விரல் வைத்து ‘அந்தச் சிவப்பு’ என்று காட்டியதும் அதைத் துரத்திப் பிடிக்க ஒரு வலை என, உங்கள் கைக்கு வருமுன் அந்தப் பிராணி குறைந்தது ஐந்து வலைகளைக் கண்டிருக்கும். மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதி ஒட்சிசனுமாகக் கட்டிய பையின் கூரிய மூலைகளில், பஸ் குலுங்கும்தோறும் சிறு மீன்கள் போய்ச் சிக்கி மூக்கைத் தேய்த்துக்கொள்வது வேறு. கவனமுள்ள பண்ணைக்காரர் பையின் இரண்டு மூலைகளையும் மடித்து இறப்பர் வளையமிட்டு உருட்டிவிடுவது இதனாலேதான்.

ஆகவே புதிய மீனிற் காணும் குறை எதுவாயினும் நோயே என்று கொள்வது தவறு. காயமே என்று அலட்சியம் செய்வதும் தவறு. எமது பேச்சில் நோய்க்கு வருத்தம் என்று பெயர். எதிர்வீட்டுச் சிறுவன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்த நேரம், கண்ணாடிப் போத்தலில் ஒரு வாள்வால் மீனை ஏந்திக்கொண்டு வந்தான்.

“சாச்சா, இந்த மீனுக்கு வருத்தம் போல இரிக்கி. மருந்து ஊத்தவா?”

“எப்ப வாங்கின மகன்?”

“வெள்ளிக்கிழமை.”

“அண்டைக்கும் வால் இந்தளவுதான் கிழிஞ்சிருந்திச்சா?”

“தெரியா.”

அவன் சொன்ன அந்த ஒரு சொல்லில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. காயம் என்பது நடந்து முடிந்த ஒரு சம்பவத்தின் அடையாளம். வலையிலோ பையிலோ அது நிகழ்ந்த கணத்திலேயே அதன் உச்சத்தை அடைந்துவிட்டது. அதற்குப் பின் ஒவ்வொரு நாளும் அது குறைய வேண்டும், குறைந்தபட்சம் கூடாமல் இருக்க வேண்டும். வருத்தமோ இப்போதும் நடந்துகொண்டிருப்பது. முதல் நாள் கண்ணுக்குத் தெரியாத அளவிலிருந்து, மறுநாள் சற்றே கூடி, மூன்றாம் நாள் இன்னும் கூடிக்கொண்டு போவது. ஒரே ஒரு முறை பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். இரண்டு முறை பார்த்தால் அப்படித் தோன்றுவது அரிது. பழைய வைத்திய சாஸ்திரத்தில் நோயின் காரணத்தையும் குறிகளையும் ஆராய்ந்து துணிவதற்கு நிதானம் என்று பெயர். மாதவர் வடமொழியிற் செய்த நூல் ‘மாதவ நிதானம்’ என்றே வழங்குகிறது. நாமோ அன்றாடப் பேச்சில் அதே சொல்லைப் பதறாமைக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். மீன் தொட்டிக்கு முன் அமர்ந்திருப்பவருக்கு இரண்டு பொருளும் வேண்டும்.

எனவே வாங்கிய அன்றே ஒரு கொப்பியில், எந்த மீனில், எந்தப் பக்கத்தில், என்ன குறை, எவ்வளவு என்று எழுதிவையுங்கள். கைத்தொலைபேசியில் இரு பக்கமும் மேலிருந்தும் படமெடுத்து வைத்தால் இன்னும் நல்லது. பின்பு நாள்தோறும் ஒரே நேரத்திற் பாருங்கள். சுபஹுக்குப் பின் விளக்கைப் போட்டதும் பார்ப்பதாயின் கால் மணி நேரமாவது பொறுத்துப் பாருங்கள். ஏனெனில் நியோன் டெட்ரா முதலிய சில மீன்கள் இருளில் நிறம் வெளிறி நிற்கும் இயல்புடையவை, விளக்கு எரிந்து சற்று நேரஞ்சென்ற பின்னரே அவற்றின் உண்மையான வர்ணம் திரும்பும். இதை அறியாமல் விடியற்காலையில் மீனுக்கு நோய் கண்டு, காலைச் சாப்பாட்டுக்குள் குணமும் கண்டவர்களை நான் அறிவேன்.

செட்டையிலிருந்து தொடங்குவோம். துடுப்பு என்று பாடநூல்கள் சொல்லும் இந்த உறுப்பு, விசிறிபோல விரிந்த மெல்லிய கதிர்களுக்கு இடையே படர்ந்த தோலேயாகும். வலையிற் சிக்கிக் கிழிந்த செட்டையில் கிழிசல் இரண்டு கதிர்களுக்கு நடுவே நேராக ஓடும். கச்சான் காற்றில் வாழையிலை நரம்போடு நரம்பாகக் கிழிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிக் கிழிந்த இலையிற்போலவே இங்கும் பொருள் ஒன்றும் இழக்கப்படவில்லை. இரண்டு ஓரங்களையும் மனத்தாற் சேர்த்துப் பார்த்தால் செட்டை முழுமையாகிவிடும். மற்றொரு மீன் கடித்ததாயின், டைகர் பாப் போன்ற குறும்பு மீன்கள் இதில் கைதேர்ந்தவை, பிஸ்கற்றைக் கடித்தாற்போல ஓரத்தில் அரைவட்டமாக ஒரு துண்டு காணாமற் போயிருக்கும். ஆனால் வெட்டு சுத்தமாயிருக்கும். செட்டை அழுகலோ இப்படி ஒழுங்காக வருவதில்லை. ஓரம் முதலிற் பால் நிறமாக மங்கி, பிறகு நைந்து, சில வேளை மங்கலுக்குக் கீழே மெல்லிய சிவப்புக் கோடிட்டு, நாளுக்கு நாள் உடலை நோக்கி உள்ளேறும்; ஒரு செட்டையோடு நிற்பதும் அபூர்வம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. காயம்பட்ட செட்டை நாலைந்து நாளில் வளரத் தொடங்கும்போது, புதிய ஓரம் நிறமில்லாமலே முளைக்கிறது; நிறம் பின்னர்தான் வந்து நிரம்பும். அந்த நிறமற்ற ஓரத்தைக் கண்டு, வெள்ளை பிடித்துவிட்டதென்று பயந்து, ஆறிக்கொண்டிருக்கும் மீனை மருந்திலிடுவது சர்வசாதாரணமாக நடக்கும் பிழை. தொட்டிக்குப் பின்னால் ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள்: புதிய வளர்ச்சி கண்ணாடிபோல ஒளியை ஊடுருவ விடும், அழுகிய ஓரம் சுண்ணாம்பு நீர்போல மங்கி நிற்கும்.

உடம்பில் செதில் உதிர்ந்த இடங்களைப் பார்ப்போம். செதிலே மீனின் கடைசிப் போர்வை என்று பலரும் நினைக்கிறார்கள்; உண்மையில் செதிலுக்கு மேலே உயிருள்ள மெல்லிய தோலும், அதற்கு மேலே வழுவழுப்பான சளிப்படலமும் உண்டு; கையால் மீனைப் பிடிக்கையில் வழுக்குவது இதுவே, நாம் அழிப்பதும் இதையே. இத்தோல் ஆறும் வேகம் ஆச்சரியமானது: சிறு சிராய்ப்பாயின், வெதுவெதுப்பான நீரில், சுற்றியுள்ள தோற்கலங்கள் நகர்ந்து வந்து ஒரு நாளுக்குள் அதை மூடிவிடக்கூடும். ஆகவே ஒரு பக்கத்தில் மட்டும், துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில், அதாவது மூக்கு, முதுகு, விலாப் புறம் இவற்றில், இரண்டு மூன்று செதில் உதிர்ந்து, அடியிலே தோல் தெளிவாயிருக்குமானால் அச்சம் வேண்டாம். புண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையமும், நடுவிலே சாம்பல் நிறத் தளமும், நாளுக்கு நாள் அகலமும் காணப்பட்டால் அது வருத்தம். செதில்கள் உதிராமல், இரு பக்கமும் ஒருங்கே நிமிர்ந்து, மேலிருந்து பார்க்க அன்னாசிப்பழம்போற் சிலிர்த்து நின்றால், அது உள்ளுறுப்புகளின் கோளாறால் உடலில் நீர் கோத்துக்கொண்ட நிலை. அதிலிருந்து மீண்ட மீன்கள் சிலவே.

கண்ணுக்கும் இதே பக்கக் கணக்குப் பொருந்தும். ஒரு கண் மட்டும் புடைத்தோ மங்கியோ இருந்தால் பெரும்பாலும் அடிபட்டது. இரண்டு கண்ணும் ஒருசேரப் புடைத்தால் உள்ளே நோயென்றோ நீரிலே கேடென்றோ சந்தேகிக்க வேண்டும்.

வெண்ணிறம் காட்டும் குறிகளே மனிதரை அதிகம் ஏமாற்றுகின்றன, என்னையும் ஏமாற்றியிருக்கின்றன. ஒரு சமயம் வாங்கி வந்த பொன்மீன் ஒன்றின் செவுள் மூடியிலும் நெஞ்சுச் செட்டையின் முன் கதிரிலும் வரிசையாக வெண்புள்ளிகள் இருக்கக் கண்டு, வெண்புள்ளி நோயென்றே நிச்சயித்து, முழுத் தொட்டிக்கும் மருந்திட்டேன். தொட்டியிலிருந்த நீர்ச்செடிகள் கருகின. நீரைச் சுத்திசெய்யும் நல்ல பக்டீரியாக்கள் மடிந்து நீர் கெட்டது. மீனின் புள்ளிகளோ அப்படியே இருந்தன. அது ஆண் பொன்மீன் இனப்பெருக்கப் பருவத்திற் சூடும் இயற்கையான அணி என்று பிறகே அறிந்தேன். உண்மையான வெண்புள்ளி, 1876-இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த ஓர் ஒட்டுண்ணியின் வேலை. புள்ளிகள் ரவையைத் தூவினாற்போல உடம்பிலும் செட்டையிலும் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும், இன்று ஐந்தாயிருந்தது நாளை மறுநாள் ஐம்பதாகும், மீன் கல்லிலும் மண்ணிலும் உடம்பைத் தேய்க்கும். புள்ளிக்குள் தோலின் அடியில் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது உதிர்ந்து, அடிமண்ணிற் பிளந்து, பல நூறு குஞ்சுகளாக நீந்தி வரும் வேளையிலேதான் மருந்துக்கு அகப்படும். எமது கரையில் தொட்டி நீர் ஆண்டின் பெரும்பகுதி 27 முதல் 30 பாகை வரை இருப்பதால் இந்தச் சுற்று சில நாட்களில் முடிந்துவிடும். புள்ளி மறைந்ததென்று இரண்டாம் நாளே சிகிச்சையை நிறுத்துகிறவர், இரண்டாம் படையெடுப்புக்கு வாசலைத் திறந்துவைக்கிறார்.

காத்திருத்தலே நல்லது என்று மேலே சொன்னேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு. பையின் மூலையில் தேய்ந்த உதடு இளஞ்சிவப்பாக, ஈரப்புண்ணாக, ஓரம் தெளிவாக இருக்கும். அதே உதட்டில் சாம்பல் கலந்த வெள்ளையாக, கட்டையான பஞ்சுபோல ஏதேனும் படர்ந்திருந்தாலும், முதுகிலே சேணம் வைத்தாற்போல வெளிறிய பட்டை விழுந்திருந்தாலும், பஞ்சுப் பூசணம் என்று எண்ணிச் சாவகாசமாக இராதீர்கள். அது 1922-இல் மிசிசிப்பி ஆற்று மீன்களிடையே கண்டு டேவிஸ் என்பவர் எழுதிய பக்டீரியா நோய். வெப்பம் ஏற ஏற அதன் வேகமும் ஏறும். எங்கள் ஊர் வெக்கையில் ஓரிரு நாளில் உயிரைக் கொண்டுபோகும். நான்கு மொலி மீன்களை, வாயிலிருந்தது பைத் தேய்வு என்று நம்பி, ஒரு பகலும் ஓர் இரவும் பார்த்துக்கொண்டேயிருந்து இழந்தேன். உண்மையான பூசணம் நீளமான இழைகளோடு, நீரில் அசையும் பஞ்சாக, ஏற்கெனவே புண்ணான இடத்தின்மேல் மட்டுமே பெரும்பாலும் முளைக்கும். இன்னும் ஒன்று: வெண்புள்ளிக்காக நீரைச் சூடாக்குவது சிலரது வழக்கம், நோய் இந்தப் பக்டீரியாவாயிருந்தால் அந்தச் சூடே எமனாகும்.

காயமுமல்லாத, தொற்று நோயுமல்லாத மூன்றாவது ஒன்றை மறந்துவிடலாகாது; அது நீர். வந்த சில மணி நேரத்திற்குள் எல்லா மீன்களும், இன வேறுபாடின்றி, ஒரே குறியைக் காட்டினால், அதாவது மேற்பரப்பில் வாய்பிளந்து நின்றாலும், செட்டைகளைச் சுருக்கிக்கொண்டாலும், தோல் மங்கினாலும், மீனைப் பாராமல் நீரைப் பாருங்கள். நீண்ட பயணத்திற் பைக்குள் மீனின் கழிவு அமோனியாவாகச் சேர்கிறது. ஆனால் மூச்சில் வெளிவந்த கரியமில வாயு அந்த நீரை அமிலப்பாங்காக வைத்திருப்பதால் அமோனியாவின் விஷம் அடங்கியிருக்கிறது. பையைத் திறந்ததும் வாயு பறந்துவிட, அடங்கியிருந்த விஷம் தலையெடுக்கிறது. ஆகையால் திறந்த பையில் மணிக்கணக்காக மீனை வைத்து நீரைத் துளித்துளியாகச் சேர்ப்பது, ஊர்க் கடையிலிருந்து பத்து நிமிஷத்தில் வந்த மீனுக்குச் சரி. இரவு முழுதும் கட்டுண்டு வந்த பொதிக்குச் சரியல்ல. குழாய் நீரின் குளோரீனும் செவுளைச் சுடும். ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் காற்றோட்டத்தோடு வைத்தே ஊற்ற வேண்டும். கிணற்று நீராயின் உவர் எவ்வளவென்று நாக்கில் வைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26-இல் கடல் ஏறி வந்ததன் பின் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் உப்பேறிய கிணறுகளை நாம் பார்த்தோம்; மணல் நிலத்தில் அடுத்தடுத்த இரண்டு வளவுகளின் கிணறுகள்கூட ஒரே சுவையுடையன அல்ல. கப்பியும் மொலியும் இலேசான உவரைப் பொருட்படுத்துவதில்லை; டெட்ராக்கள் பொருட்படுத்தும்.

தொங்கும் நூல்களைப் பற்றி ஒரு வார்த்தை. பொன்மீனின் உடம்பில் சிவந்த புள்ளியொன்றும் அதிலிருந்து வெளியே நீட்டிய நூலொன்றும் தெரிந்தால் அது காயமன்று. சதைக்குள் தலையைப் பதித்திருக்கும் நங்கூரப் புழு. கப்பியின் கழிவாயிலில் மீன் அசையாது நிற்கும்போது சிவந்த மெல்லிழைகள் எட்டிப் பார்த்து, அசைந்ததும் உள்ளே இழுத்துக்கொண்டால் அதுவும் புழுவே. பிரசவத்தின் பின் குடல் வெளித்தள்ளியதாயின் ஒற்றைக் கட்டியாக அங்கேயே நிற்கும். வெட்டவெளித் தொட்டியில் வளர்ந்த மீனின் முதுகில் ஆழமான குத்துக் காயம் கண்டால், சந்தேகத்தை மீன்கொத்தியின் மேல் வையுங்கள்.

காயமும் வருத்தமும் வேறு வேறு என்று இதுவரை பிரித்துச் சொன்னேனாயினும், ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடுவதை மறைக்க முடியாது. ஒட்டுண்ணியின் அரிப்பால் கல்லில் உரசிய மீன் செதிலை இழக்கிறது; செதிலை இழந்த இடத்தில் பூசணம் குடியேறுகிறது. 1971-இல் ஜப்பானில் முதலில் அறியப்பட்டு, நாடு நாடாகப் பரவி, 1980களின் பிற்பகுதியில் இலங்கையின் ஆறு குளங்களில் விரால் முதலிய நன்னீர் மீன்களைப் புண்ணாக்கிய பெருநோயும், நீரில் நீந்தும் நுண்வித்துகள் சிதைந்த தோலைப் பற்றிக்கொண்டு உள்ளே வேர்விடும் ஒரு பூசண வகையாலேயே உண்டானது. தோல் கிழியாத மீன் எதிர்த்து நிற்கக்கூடிய பல பகைகளுக்கு, கிழிந்த மீன் இலகுவில் இரையாகிறது.

ஆதலால் குறை காயமேயாயினும் புதிய மீனை நேரே பெரிய தொட்டியில் விடாமல், மூன்று கிழமையாவது தனியே வையுங்கள். விசேஷமான கண்ணாடித் தொட்டி தேவையில்லை. கடல் மீன் வியாபாரிகளிடம் கிடைக்கும் ரெஜிபோம் பெட்டியை நன்றாகக் கழுவி, காற்றுக் குழாயொன்றை விட்டால் போதும். பக்கவாட்டில் பார்க்க முடியாதென்பதே அதன் குறை, அதற்கு நாளுக்கொரு தடவை மீனைக் கண்ணாடிப் போத்தலில் ஏற்றிப் பார்க்கலாம். காயத்துக்கு மருந்து, என் அனுபவத்தில், சுத்தமான நீரும் கல்லுப்புமே. நன்னீர் மீனின் இரத்தத்தில் லீற்றருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பு உண்டு. காயத்தின் வழியே உப்பு கசிந்து வெளியேற, வெளிநீர் உள்ளே புகுகிறது. லீற்றருக்கு ஒன்று அல்லது இரண்டு கிராம் உப்பிட்டால் அந்தப் போராட்டம் இலேசாகிறது. கிணறு ஏற்கெனவே உவராயிருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். கெழுத்தி வகைகளுக்குப் பாதியளவே இடுங்கள். தினமும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றி, இறக்கிய நீருக்குரிய உப்பை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும்.

கையில் வெட்டோ சிராய்ப்போ உள்ளவர் இந்த நீரில் கையை விடலாகாது. 1926-இல் அறியப்பட்ட, காசநோய்க் கிருமியின் உறவான ஒரு பக்டீரியா, மெலிந்து வயிறு ஒட்டி முதுகு வளைந்த மீன்களிடமிருந்து மனிதனின் கைப்புண் வழியே புகுந்து, மாதக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கக்கூடியது.

எதிர்வீட்டுச் சிறுவனின் வாள்வால் மீனுக்கு மருந்து ஊற்றவில்லை. ஒரு பழைய பேசினில், பத்து லீற்றர் நீரும் பத்துக் கிராம் உப்புமாக அதை விட்டு, கொப்பியில் வாலைப் படமாக வரையச் சொன்னேன். மூன்றாம் நாட் படத்தில் கிழிசல் அதே அளவு. ஏழாம் நாள் ஓரத்தில் கண்ணாடிபோல ஒரு கீற்று, அதை அவன் பென்சிலால் வரையத் தெரியாமல் வெறுமையாக விட்டிருந்தான். பதினைந்தாம் நாள் அந்த வெறுமையில் செம்மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. இருபத்தொன்றாம் நாள் மீனைத் தொட்டிக்கு மாற்ற வலையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வலையை வாங்கி வைத்துவிட்டு, தேநீர்க் கோப்பையொன்றைக் கொடுத்தேன். நீரோடு சேர்த்து அள்ளினான்.